நான்கரை நட்சத்திரம் வாங்கிய செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் எட்டு நாளாகக் குப்புறப் படுத்துத் தரையையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரை நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. அது எனக்குத் தெரியும், நாள்வாரியாகத் தெரியும். எப்படித் தெரிந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். நம் வீட்டில் இருப்பதே ஒன்றரை அறை, முழு அறையில் அப்பா படுத்திருக்கிறார், அரை அறையில் அடுப்பு இருக்கிறது, நான் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர் காதில் விழும். கண்ணுக்கு வேலை இல்லாமல் போனதிலிருந்து அவருக்குக் காது இரண்டு மடங்கு கேட்கிறது. அது போகட்டும், போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் நீ ‘அம்மா, சிக்னல் சரியில்ல’ என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. லாண்டரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், இஸ்திரி மேசை ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மேசை மேல் விரித்திருக்கும் கம்பளிதான் காரணம், கோபமும் கொஞ்சம் இருக்கிறது.

ஆபரேஷன் விவரம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், நீ கேட்டதும் அரைகுறையாகத்தான். இடது கண்ணுக்குள்ளே விழித்திரை கழன்றுவிட்டது, அதை ஒட்டவைத்து, மறுபடி கழலாமல் இருக்க உள்ளே ஒரு வாயுக் குமிழியை விட்டிருக்கிறார்கள். குமிழி எப்போதும் மேலேதான் போகுமாம், அது போய்ச் சரியான இடத்தில் அழுத்த வேண்டுமானால் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும், இரண்டு வாரம், சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பாத்ரூமுக்கு நடக்கும்போதும். மாடி வீட்டு கார்பென்டர் வந்து நம் சாப்பாட்டு மேசையில் முகம் நுழையும் அளவுக்கு வட்டமாக அறுத்து, விளிம்பில் பஞ்சு வைத்துத் துணி சுற்றிக் கொடுத்தார். மேசை மேல் மெத்தை, மெத்தை மேல் அப்பா, ஓட்டைக்குள் முகம். நான் மேசைக்கு அடியில் உட்கார்ந்து டம்ளரை நீட்டினால் ஸ்ட்ராவில் டீ குடிக்கிறார். உன் சித்தி வந்து பார்த்துவிட்டு, ‘என்னக்கா இது, மெக்கானிக் வண்டிக்கு அடியில போற மாதிரி போயிட்டு வர்ற’ என்று சிரித்தாள். அப்பாவும் சிரித்தார், சிரித்தால் தலை ஆடும் என்று நான் இருவரையும் திட்டினேன். சித்தி இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள், உன்னை விசாரித்தாள், பரீட்சை என்றேன். முதலாளி எனக்கு அரை நாள் விடுப்பு கொடுத்திருக்கிறார், கொடுத்ததை ஒரு நாளைக்கு நான்கு முறை நினைவூட்டுகிறார். இப்படியாக இருக்கிறது இங்கே.

மூன்றாம் நாளே அவருக்கு அலுத்துவிட்டது. ரேடியோ வேண்டாம், பாட்டு வேண்டாம், அக்கம்பக்கத்துக் கதையும் வேண்டாம். ஓட்டைக்குள்ளிருந்து, ‘இன்டர்வல் என்ன எழுதியிருக்கான்னு படி’ என்றார். அந்தப் பெயரை அவர் இன்னும் விடவில்லை, சின்ன வயதில் தியேட்டரில் படம் போட்ட ஐந்தாவது நிமிடமே ‘இன்டர்வல் எப்ப’ என்று நீ கத்தி மானத்தை வாங்கினாயே, அதிலிருந்து நீ அவருக்கு இன்டர்வல்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை, இவளாவது எழுதுவதாவது என்றேன். அவர் போனை எடுக்கச் சொல்லி, எங்கே தட்ட வேண்டும் என்று தரையைப் பார்த்தபடியே வழி சொன்னார். அப்போதுதான் தெரிந்தது, நீ பார்க்கும் படங்களைப் பற்றியும் உன் அன்றாட மூடுகளைப் பற்றியும் நீ இன்டர்நெட்டில் ஒரு பக்கம் வைத்து எழுதுகிறாய் என்று. பெற்றவள் எனக்குத் தெரியாது. அவர் ஒன்றரை வருஷமாக, ஒரு நாள் விடாமல் வாசித்திருக்கிறார். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மாலை டிரிப் வரைக்கும் காலி பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து வாசிப்பாராம். அதோடு நிற்கவில்லை. நீ நான்கு நட்சத்திரத்துக்கு மேல் போட்ட படங்களையெல்லாம் தேடிப் பிடித்து அந்தச் சின்ன போனில் பார்த்திருக்கிறார். பாதிப் படம் விளங்கவில்லையாம். ஒன்றில் ஒருத்தன் கடைசி வரைக்கும் நடந்துகொண்டே இருந்தானாம், எங்கே போனான் என்று இவருக்கு இன்று வரை கவலை. இன்னொன்றில் ஒரு பெண் பத்து நிமிடம் பாத்திரம் கழுவுகிறாளாம், அதைப் பற்றி நீ ஒரு பக்கம் எழுதியிருந்தாயாம். ‘உங்கம்மா தினமும்தான் கழுவுறா, நான் ஒரு நாளும் நின்னு பார்த்ததில்லையேன்னு தோணுச்சு’ என்று மகளிடம் சொல்வதுபோல ஓட்டைக்குள் சொன்னார். போன வருஷம் ஒரு சாயங்காலம் சும்மா வந்து அடுப்படி வாசலில் நின்றார், நான் ‘என்ன வேணும், வழிய மறைக்காதீங்க’ என்று எரிந்து விழுந்தேன். எதற்கு நின்றார் என்று இப்போதுதான் தெரிகிறது.

வாசிப்பதை உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘சொன்னா அப்பா படிப்பாரேன்னு யோசிச்சு யோசிச்சு எழுதுவா, அப்புறம் அது அவ எழுத்தா இருக்காது’ என்றார். எவ்வளவு நாகரிகம் பார், உன்னிடம் மட்டும். நானும் வாசித்தேன். தினமும் மேலே மூட் என்று ஒன்று போடுகிறாய். மூட்: ஈரச் சாக்ஸ். மூட்: லிஃப்டில் தனியாக. மூட்: காரணமில்லாத சந்தோஷம். ஒரு நாள் மூட்: இருமல். இருமல் எப்படியடி மூட் ஆகும், அதற்கு மருந்துக்கடைக்குப் போக வேண்டும், படத்துக்குப் போகக் கூடாது. இங்கே லாண்டரியில் ஏழு பேர் ஒரே நீராவியில் நிற்கிறோம், எங்களுக்கு இருப்பது இரண்டே மூட், கரண்ட் இருக்கிறது, கரண்ட் இல்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், நன்றாக எழுதுகிறாய். படம் விட்டு வெளியே வந்ததும் வெயில் கண்ணைக் குத்தும்போது, மற்ற எல்லாருக்கும் சாதாரண மதியமாக இருக்கிறதே என்று வரும் ஒரு சின்ன வருத்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். எனக்குக் கல்யாணத்துக்கு முன்பு பார்த்த மேட்னிகள் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டன, இதை இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஆச்சரியப்பட்டேன். அதனால்தான் வயிறு எரிகிறது. முன்பின் தெரியாத ஒருத்தி திரையில் பாத்திரம் கழுவும்போது அவள் முதுகு வலிப்பது உனக்குத் தெரிகிறது.

விட்ட இடத்திலிருந்து படி என்றார். அவர் கடைசியாக வாசித்தது ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரை. அடுத்தது செவ்வாய்க்கிழமை, ஆபரேஷன் அன்று நீ எழுதியது. மேசைக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலச் சத்தமாக ஆரம்பித்தேன். மூட்: கொண்டாட்டம் என்று வாசித்தும்விட்டேன். அதற்குள் கண் கீழே ஓடிவிட்டது. திரைப்பட வாரம், ஐந்து நாள், பாஸ் கிடைத்துவிட்டது, நண்பர்கள் நான்கு பேர் ஒரே வரிசையில், காலை ஒன்பதரைக்கு உள்ளே போய் ஒரே மூச்சில் மூன்று படம். பரீட்சை அடுத்த மாதம்தான், அதுவரை நான் யாருக்கும் சொந்தமில்லை. வீட்டில் ஒரு சின்ன டென்ஷன், போனை ஆஃப் செய்து பையின் அடியில் போட்டேன், டென்ஷனும் அதோடு ஆஃப். இந்த வருஷத்திலேயே சிறந்த நாள், படங்களை விடுங்கள், இந்த நாளுக்கே நான்கரை நட்சத்திரம். இப்படி எழுதியிருந்தாய். ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன், அத்தனை தடவை வாசித்துவிட்டேன்.

ஒன்பதரைக்கு நீ உள்ளே போயிருக்கிறாய். பத்து மணிக்கு அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்றுக்கு உனக்குப் போன் செய்தேன், பன்னிரண்டுக்குச் செய்தேன், பன்னிரண்டரைக்கு நர்ஸ் வந்து ஆளைத் திருப்பிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும், உங்க கூட யாரு வந்திருக்கா என்று கேட்டபோது மறுபடி செய்தேன். ஆஃப், ஆஃப், ஆஃப். பிள்ளை பரீட்சை ஹாலில் இருப்பாள், தொந்தரவு செய்யாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் அடுத்த கட்டில்காரரின் மருமகன் வந்து தோளைப் பிடித்துத் திருப்பினார், அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை தொடங்கி மூன்று வாரம் வரிசையாகப் பரீட்சை, ஒன்றை விட்டாலும் ஒரு வருஷம் போய்விடும் என்று அழாத குறையாகச் சொன்னாயே, அது என்ன நடிப்பு. அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, ‘பரீட்சைய விட்டுட்டு ஓடி வராதடா, சின்ன ஆபரேஷன்தான், ரெண்டு கண்ணுல ஒண்ணுதானே’ என்று உனக்கு ஆறுதல் சொன்னார். நீயும் ஆறுதல் அடைந்துவிட்டாய்.

மேசைக்கு அடியில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். மேலிருந்து, ‘கொண்டாட்டம்னா சொன்ன’ என்று கேட்டார். அது மேலே வருகிற விளம்பரம் என்றேன். பிறகு வாய்க்கு வந்ததை வாசிப்பதுபோல வாசித்தேன். மூட்: பயம். இன்று முதல் பரீட்சை. கேள்வித்தாளைத் திறந்தால் அப்பாவின் கண்தான் தெரிகிறது. கை நடுங்குகிறது. தெரிந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே ஓடிவந்து போனைப் பார்த்தேன். இவ்வளவுதான் சொன்னேன், அதற்கு மேல் எனக்குக் கற்பனை போதாது. கொஞ்ச நேரத்தில் என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று. கண்ணில் தண்ணீர் விடக் கூடாது, அசையக் கூடாது என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருக்கிறார், நான் அடியிலிருந்து ‘என்ன பண்றீங்க, குமிழி நகந்துடும்’ என்று கத்தினேன். ஆபரேஷன் செய்த கண்ணை அழவைத்தது நான், உன் பெயரைச் சொல்லி.

அன்றைக்கு ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை. தினமும் படி என்கிறார், நான் உன் படங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பரீட்சைகளை வைத்து வாசிக்கிறேன். உனக்கு என்னென்ன பாடம் என்றுகூடத் தெரியாமல் இரண்டாம் தாள், மூன்றாம் தாள் என்று ஒப்பேற்றுகிறேன். ‘பாவம், ஒரு படம்கூடப் பாக்கல போலிருக்கே’ என்கிறார். பாவம் என்கிறார் உன்னை. நேற்று அவர் பள்ளியின் மூன்றாம் நம்பர் பஸ் டிரைவர் பார்க்க வந்தார், இவருக்கு அவரிடம் உன் பெருமை பேசாமல் இருக்க முடியவில்லை, அந்த பயம்னு எழுதினத இவருக்கும் படிச்சுக் காட்டு என்றார். நான் போனைப் பிடித்துக்கொண்டு ஞாபகத்திலிருந்து சொன்னேன். அன்னிக்கு கை நடுங்குதுன்னு இருந்துச்சே, அதை விட்டுட்டியே என்று ஓட்டைக்குள்ளிருந்து திருத்தினார். ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். மூன்றாம் நம்பர் டிரைவர் என் கையிலிருந்த போனை ஒரு மாதிரி எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டு ‘நல்ல பொண்ணு’ என்று எழுந்து போனார். வெட்கத்தில் எனக்கு மேசைக்கு அடியிலிருந்து வெளியே வரவே மனமில்லை. இப்போது லாண்டரி சீட்டின் பின்புறம் நான் சொன்ன பொய்யை எழுதி இடுப்பில் செருகி வைத்திருக்கிறேன், இனி ஒரு சொல்லும் மாறாது.

இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். சின்ன டென்ஷன் என்று நீ எழுதியதற்கு, சின்ன ஆபரேஷன் என்று நாங்கள் சொன்னதும் காரணமாக இருக்கலாம், அதை உன் பக்கம் நின்று சொல்லிவிடுகிறேன். ஆனால் நீ எதற்குப் பொய் சொன்னாய் என்று நினைத்துப் பார்த்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. திரைப்பட வாரம் இருக்கு, வர முடியாதுப்பா என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பா ‘போய்ப் பாருடா, பார்த்துட்டு எழுது’ என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும். நான்தான் ஊரைக் கூட்டியிருப்பேன். ஆக நீ பொய் சொன்னது எனக்குப் பயந்து. எனக்குப் பயந்து நீ சொன்ன பொய்யை அவரிடமிருந்து மறைக்க நான் தினம் ஒரு பொய் சொல்கிறேன். சின்ன வயதில் நீ படம் பார்க்க ஆசைப்பட்டபோதெல்லாம் படிப்பைச் சொல்லி நான் கத்தியது உண்மை. பரீட்சை என்று ஒரு சொல் சொன்னால் அம்மா வாயை மூடிக்கொள்வாள் என்று நானே உனக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். இதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறும்போது பார்க்கலாம்.

வருகிற செவ்வாய் காலை பத்து மணிக்கு டாக்டர் அவரைத் தலை நிமிரச் சொல்வார். வலது கண் நன்றாக இருக்கிறது, அன்றைக்கே போனைப் பார்க்கலாம் என்று அனுமதி வாங்கிவிட்டார், எதற்கென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த பயம் எழுதினதை நானே ஒரு தடவ கண்ணால வாசிக்கணும் என்று தினமும் சொல்கிறார். முதலில் உன்னை அந்தச் செவ்வாய்க்கிழமையை அழித்துவிடச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அழித்தால் அவர் அதைத் தேடுவார். நான் கட்டிச் சொன்னதை உன் கையால் எழுதி அங்கே போடச் சொல்லலாம் என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன், எழுதியதை அடித்துவிட்டேன், முந்தின தாளில் இருக்கும் கறுப்புக் கட்டம் அதுதான். அவர் உன்னிடமிருந்து ஒன்றரை வருஷமாக வாசித்ததில் ஒரு பொய்கூட இல்லை. என்னால் பொய் வந்தது, அது என்னோடு போகட்டும். நீ எதையும் அழிக்காதே, எதையும் மாற்றாதே. திங்கட்கிழமைக்குள் வா. வந்து அந்த மேசைக்கு அடியில் நான் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, அன்று எழுதியதை உன் வாயால் அவருக்கு வாசி, நட்சத்திரம் உட்பட. நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன். அவர் உன்னைத் திட்டமாட்டார், அதைத்தான் நீ தாங்க வேண்டியிருக்கும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை எழுதுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து நான்கு சட்டைகளைச் சுட்டுவிடப் பார்த்தேன். நேற்று ஏழாம் நாள் பரிசோதனை. ஆபரேஷனுக்கு முன்பே கண்ணுக்குள்ளே மூன்று வாரத்துக்கு மேல் மின்னல் வெட்டுவதுபோல இருந்திருக்கிறது, மாற்று டிரைவர் இல்லை, பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டுமே என்று இவர் யாரிடமும் சொல்லாமல் ஓட்டியிருக்கிறார். அதற்குள் நடுப்பகுதி கெட்டுவிட்டதாம். விழித்திரை ஒட்டிக்கொண்டது, வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். இனி பஸ் ஓட்ட முடியாது, பள்ளி பஸ்ஸுக்கு இரண்டு கண்ணும் வேண்டும். டாக்டர் இதை அவருடைய பிடரியைப் பார்த்துத்தான் சொன்னார், முகம் தரையைப் பார்த்து இருந்ததே. அப்பா அந்தத் தரையிடம் சொல்வதுபோல, ‘இன்டர்வலுக்கு இப்ப எதுவும் சொல்லிடாத. பரீட்சை முடியட்டும்’ என்றார்.

சரி என்று தலையாட்டினேன். உனக்குப் பரீட்சை இல்லையே, அதனால் எழுதிவிட்டேன்.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. படம் பார்ப்பதை நிறுத்தாதே, எழுதுவதையும் நிறுத்தாதே, இதை வயிற்றெரிச்சலோடு சொன்னாலும் மனதாரத்தான் சொல்கிறேன். திங்கட்கிழமையை மறக்காதே. போனை ஆன் செய்து வை.

இப்படிக்கு,
இன்று சாயங்காலமும் உன் பெயரில் நான்காம் தாள் எழுதப்போகும்
உன் அம்மா